துர்மரணமும் துரை பங்களாவும்

இலங்கையின் ஊவாப் பகுதியில், பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவரைக் கேட்டாலும், தம்முடைய தோட்டத்துப் பழைய பங்களாவைப் பற்றி ஒரு பேய்க்கதையாவது சொல்லாமல் விடமாட்டார். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை என்று ஊர்ப்பெயர் மாறினாலும் கதையின் அமைப்பு அநேகமாக மாறுவதில்லை. நள்ளிரவில் ஆளில்லாத வராந்தாவில் சப்பாத்துச் சத்தம் கேட்கும். பூட்டிய அறையிலிருந்து சுருட்டு வாசனை வரும். தோட்டத்தில் குதிரை என்பதே அற்றுப்போன காலத்திலும் பங்களா ரோட்டில் குளம்படி கேட்கும். அந்த ஆவி எப்போதும் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆவியாகவே இருக்கும். குதிரையிலிருந்து விழுந்து மாண்டவன், துப்பாக்கியால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவன், குடித்தே அழிந்தவன், ஆட்களால் வெட்டுண்டவன் என்று, சாவின் காரணம் மட்டுமே தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும்.

இக்கதைகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஜனங்கள் ஒரு வீட்டுக்கு வைத்த கெட்ட பெயர், அந்த வீட்டில் நடந்தவற்றுக்கு அவர்கள் எழுதிய சரித்திரம் என்றே கொள்ளத்தக்கது. ஆனால் அந்தச் சரித்திரத்தில் ஒரு பெருங்குறை இருக்கிறது. அக்குறையைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பங்களாக்களில் இரவு கேட்கும் ஒலிகளுக்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆடி ஆவணியில் ஊவா மலைச்சரிவுகளில் இறங்கும் வறண்ட கச்சான் காற்று, குளிர்காய்வதற்கென்று துரைமார் கட்டுவித்த புகைபோக்கிகளுக்குள் புகுந்து, மனிதக் குரலை ஒத்த ஓர் ஓலத்தை எழுப்பும். பகலெல்லாம் காய்ந்த தகரக்கூரை, வெயில் தாழ்ந்ததும் குளிர்ந்து சுருங்கும்போது யாரோ மேலே நடப்பதுபோல் படபடக்கும். சீலிங் பலகைக்கு மேலே மரநாய்கள் குடும்பம் நடத்தும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி வாசனையையும் தனி விலையையும் தேடித்தருவதும் இதே கச்சான் காற்றுதான் என்பதை நினைக்கும்போது, பங்களாவின் செல்வமும் பங்களாவின் பயமும் ஒரே திசையிலிருந்து வீசின என்று தோன்றுகிறது. ஆயினும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. அச்சத்தத்தைக் கேட்பவன் அதற்கு யாருடைய உருவத்தைக் கொடுக்கிறான் என்பது வேறொன்று.

துர்மரணம் அடைந்தவரின் ஆவி அடங்காது என்ற நம்பிக்கை, மலைநாட்டுக்கு மக்கள் வந்தபோது அவர்களுடனேயே கடல் கடந்து வந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிமார் திரட்டிக் கொண்டுவந்த அந்த மக்கள், மாடசாமியையும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் கூடவே அழைத்துவந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி என்ற புதிய தெய்வத்தையும் இங்கேயே உண்டாக்கிக்கொண்டார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவனைத் தெய்வமாக்கி, அவனுக்குப் பிடித்ததைப் படைத்துச் சாந்தி செய்வது தென்பாண்டி நாட்டின் தொன்மையான வழக்கம். அந்த வழக்கம் அந்நியனைக் கூட விலக்கியதில்லை. 1809-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் போரில் காயமுற்று இறந்த கேப்டன் போல் என்ற ஆங்கில அதிகாரியின் சமாதிக்குத் தென்கோடித் தமிழர்கள் பிராந்தியும் சுருட்டும் படைத்துவந்தார்கள் என்பதைப் பிஷப் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். எதிரியாக வந்தவனும் அகாலத்தில் மாண்டால் அவனுக்குரிய பங்கைக் கொடுத்துவிடவேண்டும் என்பதே அதன் பொருள். ஊவாவின் துரை ஆவிகள் சுருட்டு வாசனையோடு உலாவுவதைக் கேட்கும்போதெல்லாம், கேப்டன் போலின் சமாதிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இந்த ஆவிகளுக்கெல்லாம் மூத்தவர் என்று சொல்லத்தக்கவர் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் படைத்தலைவராகவும் அரசாங்க உதவி ஏஜண்டாகவும் இருந்து, ஊவாவின் காட்டுக்குள் பாதைகளை வெட்டிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழிதிறந்தவர். அவர் பெயர் நிலைத்ததோ பாதைகளால் அன்று, யானைகளால். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை அவர் சுட்டு வீழ்த்தினார். ஆயிரத்து நானூறு வரை கணக்குச் சொல்வோரும் உண்டு. யானையைக் கொன்றவனுக்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலம் அது என்பதை மறந்துவிடலாகாது. காடு அழிந்து கோப்பி எழவேண்டுமானால் காட்டின் அரசன் முதலில் சாகவேண்டும் என்ற கணக்கிலேயே அக்காலத்து நிர்வாகம் நடந்தது. 1845 ஜூன் 7-ஆம் தேதி, அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்த ரோஜர்ஸ், புயல் ஓய்ந்துவிட்டது என்று எண்ணி வராந்தாவுக்கு வந்து நின்ற அந்தக் கணத்திலேயே மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதியையும் மின்னல் விடவில்லை, மறுபடி மறுபடி தாக்கிப் பிளந்தது என்பது சிங்கள ஜனங்களிடமும் தமிழ் ஜனங்களிடமும் ஒருபோல வழங்கும் ஐதீகம். பதுளை நகரில் இன்றும் நிற்கும் புனித மாற்கு தேவாலயம் அவருடைய ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. அவர் பெயரைத் தாங்கிய நினைவுப் பலகையை அதனுள்ளே இன்றும் வாசிக்கலாம்.

ஆயிரம் யானைகளின் பழி ஒரு மின்னலாய் இறங்கியது என்று ஜனங்கள் தீர்ப்பெழுதியதில் நியாயம் இல்லாமலில்லை. மனிதர் எவரும் விசாரிக்கமுடியாத இடத்தில் இருந்த ஓர் அதிகாரியை வானம் விசாரித்தது என்று அவர்கள் தமக்குள் சொல்லி ஆறுதல் பெற்றார்கள். அவ்வளவு தெளிவான தர்மபுத்தி படைத்த ஜனங்கள், யானைக்குக் கொடுத்த இந்த நீதியைத் தமக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

ரோஜர்ஸுக்கு முன்பே ஊவா மண்ணில் ஆங்கிலச் சமாதிகள் உண்டு. பதுளையில் அதிகாரம் செலுத்திய சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனின் மனைவி சோபியா 1817-இல் இறந்தாள். சில மாதங்களுக்குள், அவ்வருஷத்துச் செப்டம்பரில், வெல்லஸ்ஸப் பகுதியில் எழுந்த கலகத்தை விசாரிக்கப் போன வில்சன் அம்புக்கு இரையானார். சோபியாவின் சமாதிக் கல்லை ஓர் அரசமரம் தன் அடிமரத்துக்குள்ளேயே வாங்கி அணைத்துக்கொண்டது. பார்த்தவர் மறக்கமுடியாத காட்சி அது. அந்தக் கலகத்தை 1818-இல் அடக்கியபோது எரிக்கப்பட்ட கிராமங்களிலும் பாழாக்கப்பட்ட வயல்களிலும் மாண்ட சிங்களக் குடியானவர்களுக்குக் கல்லும் இல்லை, மரமும் இல்லை.

பிறகு கோப்பி வந்தது. அதற்கு வந்த எமனும் ஊவாவிலிருந்தே புறப்பட்டான். இலையில் செம்பழுப்புத் தூளாய்ப் படியும் அந்த நோயை 1869-இல் முதன்முதலாகக் கண்டது மடுல்சீமையில். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பிச் செல்வம் முழுவதும் கரைந்தது. 1884-இல் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. கடன்பட்ட துரைமார் பலர் இரவோடிரவாகத் தோட்டத்தைக் கைவிட்டுப் போனார்கள். ஆள் போன பங்களாக்களில் புல் மண்டியது. பேய் பங்களா என்ற எண்ணம் வேரூன்றுவதற்கு இதைவிட ஏற்ற காலம் வேறு இருந்திருக்க முடியாது. ஆனால் துரை ஓடிப்போனபோது, அவன் பாக்கி வைத்த சம்பளத்துக்காகக் காத்திருந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலே பட்டினி கிடந்து மாண்டவர்களின் ஆவி எந்தப் பங்களாவிலும் உலாவியதாகக் கதையில்லை.

குற்றம் என்ற சொல்லுக்கே அந்நாளில் தோட்டங்களில் வேறு அர்த்தம் இருந்தது. 1865-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்ட வேலையை விட்டு நீங்குவது ஒரு குற்றம். நீங்கியவனைப் பிடித்துவந்து சிறையில் அடைக்கலாம். கங்காணியிடம் பட்ட கடனைத் 'துண்டு' என்ற ஒரு காகிதத்தில் எழுதி, அக்கடனோடு ஒரு கூட்டம் ஆட்களையே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றலாம். 1920-களின் தொடக்கம்வரை இவ்விரண்டும் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தன. பஞ்சத்துக்குத் தப்பி ஓடிவந்தவன், கடனுக்குத் தப்பி ஓடினால் குற்றவாளி ஆனான். மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்தவர்களில் எத்தனை பேர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள் என்பதற்குச் சரியான ஏடு இல்லை. 1840-களில் மாத்திரம் எழுபதினாயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்று, ஆங்கிலேயர் நடத்திய கொழும்பு அப்சர்வர் பத்திரிகையே அக்காலத்தில் கணக்கிட்டது. அவர்களில் ஒருவனுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

பங்களாவின் வராந்தாப் படியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பழைய பங்களாக்களில் பெரும்பாலும் மூன்று நான்கு படிகள், கருங்கல்லைச் செதுக்கியவை. துரையின் சப்பாத்து ஏறி இறங்கிய நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்து குழிந்திருக்கும். அந்தப் படிக்குக் கீழே, சரளைக்கல் பரப்பிய முற்றத்தில், முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையை மடக்கிக்கொண்டு, மழையானாலும் வெயிலானாலும் நின்றபடியே தன் வழக்கைச் சொல்லவேண்டும் தொழிலாளி. கங்காணி ஒருவேளை முதற்படியில் கால்வைக்கலாம். கணக்கப்பிள்ளை அதற்கு அடுத்ததில். வீட்டுக்குள் போகும் உரிமை பின்வாசல் வழியாக அப்புவுக்கும் ஆயாவுக்கும் மட்டுமே இருந்தது. அந்த ஆயாமார்களில் சிலருக்கு நேர்ந்ததை லயத்தில் எல்லோரும் அறிவார்கள், எவரும் வெளிப்படச் சொல்லமாட்டார்கள். பங்களாவிலே பூத்த பிள்ளை என்று தாழ்ந்த குரலில் சுட்டப்பட்ட குழந்தைகள் வளர்ந்து ஆளானார்கள். கிணற்றிலோ தண்ணீர்த் தொட்டியிலோ கிடந்த தாய்மாரைப் பற்றிப் பாட்டிமார் பேச்சை நடுவிலே நிறுத்திக்கொண்டார்கள். அங்கே ஆவி அலைகிறது என்று சொல்லத் துணிந்தவர்கள், அது ஒரு பெண்ணின் ஆவி என்று சொல்லத் துணியவில்லை. துரையின் ஆவியைப் பற்றிப் பேசுவதில் அபாயமில்லை. பெண்ணின் ஆவி என்று ஒன்றை ஒப்புக்கொண்டால், அவளைக் கொன்றவன் யார் என்ற கேள்வி உடனே எழும்; அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவன் மேட்டில் விளக்கெரித்துக்கொண்டு உயிரோடு இருந்தான்.

ஊவாவின் மாளிகைகளில் தலைசிறந்தது அப்புத்தளை அடிஷம். கென்ட் மாகாணத்து லீட்ஸ் கோட்டையின் சாயலில், கருங்கல்லால், பர்மாத் தேக்குக் கதவுகளோடு 1931-இல் அதைக் கட்டுவித்தவர், ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராக இருந்த ஸர் தாமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த ஜான் ரஸ்ஸல் பிரபுவின் பேரர். அந்த வருஷம் உலகப் பொருளாதாரம் இடிந்து, தேயிலை விலை சரிந்து, தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டு, வேலையற்றவர்கள் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம். இன்று அடிஷம் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாக, அமைதியும் அழகும் தவழும் இடமாக இருக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு எந்தக் காரணமுமில்லை. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழுந்த ஒரு தேசத்தில், அதே மலையின் தோளில் அத்தகைய ஒரு வீடு எழும்பியது என்பது, எந்தப் பேய்க்கதையையும்விட என்னை அதிகமாகக் கலங்கவைக்கிறது.

ஒரு சாவுக்குக் கிடைத்த விசாரணை மற்றொரு சாவுக்குக் கிடைக்கவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. 1941-இல் புசல்லாவைக்கு அருகே ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டபோது, பொலீசும் நீதிமன்றமும் தளராமல் உழைத்தன. வீராசாமி, வேலாயுதம் என்ற தொழிலாளர் இருவர் தூக்குமேடை ஏறினார்கள். அதற்கு முந்திய வருஷம் ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலீஸின் துப்பாக்கிக்குப் பலியானபோது எவரும் தூக்கில் ஏறவில்லை. அந்த 1940-இன் மே மாதத்தில்தான், பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்து மக்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கலந்தே இனி நிர்வாகம் நடத்தவேண்டும் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அடக்கவந்த ஆயுதப் பொலீசாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். சில நாட்களே நிலைத்த வெற்றி அது. ஆயினும் வராந்தாப் படிக்குக் கீழே நின்றவர்கள் நிமிர்ந்து பேசிய அந்த நாட்களைப் பற்றிப் பாட்டியோ தாத்தாவோ கதை சொல்லிக் கேட்டவர்கள் இன்று எத்தனை பேர்? குளம்படிச் சத்தத்தின் கதையோ எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

துரைமார் போய், 1975-இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் மறுபடி கம்பெனிகளின் நிர்வாகத்துக்குள் வந்தபின்னும் ஊவா மண்ணில் துர்மரணம் ஓயவில்லை. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி காலை, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைச் சூழ்ந்த ஒரு பெருங்கூட்டம், அரசாங்கத்தின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. பொலீசார் பலர் துப்பாக்கியோடு அங்கேயே நின்றார்கள். 2003-இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005-க்குள் உயர் நீதிமன்றம் ஐவரையும் விடுவித்தது. அந்தப் பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு இந்நாட்டின் சட்டத்தில் இன்றுவரை பதிலில்லை. அவ்விடத்தைக் கடந்து எத்தனையோ பஸ்கள் போகின்றன. அங்கே இரவில் ஏதோ கேட்கிறது என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை.

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, முப்பதுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். பலருடைய சடலங்கள் கிடைக்கவேயில்லை. அந்தச் சரிவு அபாயமானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. குடியேற்ற வேறு இடம் மட்டும் கொடுக்கப்படவில்லை. உயிர் தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். பழைய துரைமார் பங்களாவுக்கு எப்போதும் உறுதியான மேட்டைத் தேர்ந்தார்கள். லயத்துக்கு எஞ்சிய இடம் கொடுக்கப்பட்டது. மலை சரியும்போது எது முதலில் புதையும் என்பது, அந்த இடப்பங்கீட்டிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

இப்போது பழைய பங்களாக்கள் சில உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. அங்கே தங்குபவர்களுக்கு இரவு உணவுக்குப் பின் துரையின் ஆவிக்கதை விருந்தாகப் பரிமாறப்படுகிறது. சொல்பவன் அநேகமாக லயத்துப் பிள்ளை. அவன் பிழைப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தன் முப்பாட்டியின் சாவை விட்டு அவளுடைய எஜமானனின் சாவை அவன் சொல்லவேண்டி வந்திருக்கிறதே என்று வேதனைப்படாமலும் இருக்கமுடியவில்லை. இறந்தவருக்கு அவருடைய பெயரைச் சொல்லிப் படைப்பது நம் வழக்கம். பெயர் தெரியாதவருக்கு எப்படிப் படைப்பது?

பெயர்களை மீட்க இன்னமும் வழி இருக்கிறது. தோட்ட அலுவலகங்களின் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் செக்ரோல் என்ற பழைய வரவுப் பதிவுப் புத்தகங்களில் தினமும் பெயர் போடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குப் பின் பெயர் அற்றுப்போனவர்களும் இருக்கிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவேடுகள், கோயில் கணக்குகள், தேவாலய ஏடுகள், பழைய பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன. எழுபது எண்பது வயதைக் கடந்த பாட்டிமார் இருக்கிறார்கள்; நடுவிலே நிறுத்திக்கொண்ட பேச்சை, பொறுமையாக அருகில் அமர்ந்து கேட்பவரிடம் அவர்கள் முடித்துச் சொல்லக்கூடும். ஊவாத் தோட்டங்களில் ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் மாணவர்களிடம் இந்த விடுமுறையில் பேய்க்கதை எழுதிவரச் சொல்லுங்கள், ஆனால் துரையின் பேயை விட்டுவிட்டு, தங்கள் குடும்பத்தில் அகாலத்தில் மாண்டவர் ஒருவரின் பெயரையும், எந்தத் தோட்டம், எந்த வருஷம், என்ன காரணம் என்பதையும் வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எழுதி வந்ததைப் பத்திரப்படுத்துங்கள். அச்சிட வழியிருந்தால் அச்சிடுங்கள்; இல்லையேல் ஒரு பிரதியைப் பாடசாலையிலும் மற்றொன்றைப் பதுளை நகர நூலகத்திலும் ஒப்படையுங்கள்.